மூச்சை இழுத்து விடு, வாயை மூடு

இந்திய உழைப்பாளியின் மனநலத்துக்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளிலேயே மலிவானது ஒரு டம்ளர் தண்ணீர். முதலாளிக்கு மலிவு என்று சொல்ல வந்தேன். அந்தத் தண்ணீரையும் உழைப்பாளியே மொண்டு குடிக்க வேண்டும். குடித்தாயிற்று என்று போனில் ஒரு பச்சை டிக் அடிக்க வேண்டும். அடித்தால் திரையில் காகிதப்பூ பறக்கும். சம்பள உயர்வு கேட்டால் எதுவும் பறக்காது, கேட்டவரைத் தவிர.

இந்த வைத்தியத்துக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் ஏஐ துணை. நாளுக்கொரு சின்னச் செயல் சொல்லும். ஐந்து நிமிடம் நடங்கள். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பாருங்கள். பழைய சிநேகிதருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். முகப்பில் பறவை, பென்குவின், ஆமை என்று ஏதாவது ஒரு குட்டிப் பிராணி நின்று கையாட்டும். ஆசைப்பட்டுத் தானே இறக்கிக்கொள்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. நாய்க்குட்டி வளர்ப்பவரிடம் சண்டைக்குப் போவேனா? நான் பேச வந்தது, கம்பெனி காசு கொடுத்து வாங்கி ஊழியர் தலையில் கட்டும் துணையைப் பற்றி. அது வருவதற்கு முன் எச்ஆரிலிருந்து ஒரு மெயில் வரும். 'உங்கள் நலனே எங்கள் முதல் அக்கறை' என்று தொடங்கும். அப்படித் தொடங்கும் மெயிலைப் பார்த்ததும் அனுபவசாலிகள் உடனே பேங்க் பேலன்ஸைத்தான் பார்ப்பார்கள்.

மைசூரு ராமாபுரத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அமெரிக்கக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டு பில்களைச் சரிபார்க்கும் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் இவளுக்கு ராத்திரி. கம்பெனி பெயர் எதற்கு, இப்படிப்பட்டவை தெருவுக்கு நாலு இருக்கின்றன. ஒஹையோவில் யாரோ ஒருவர் மனநல டாக்டரை நேரில் பார்த்துவிட்டு வந்த பில்லுக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று இவள் ராமாபுரத்தில் கண்விழித்துச் சரிபார்க்கிறாள். இவளுக்கு மனசு சரியில்லை என்றால் கம்பெனி கொடுத்திருப்பது ஒரு ஆமை. மூக்குக் கண்ணாடி போட்ட பச்சை ஆமை. தமிழும் பேசுமாம்.

"மாமா, இந்தக் கூத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை நீட்டினாள். அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

"வணக்கம்! இன்று உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

"தூக்கமே இல்ல. ஷிப்ட் முடிஞ்ச அப்புறமும் டீம் லீடர் கால் போடறார்."

"பகிர்ந்ததற்கு நன்றி. உங்கள் உணர்வுகள் செல்லுபடியாகும். இன்றைய சின்னச் செயல்: படுக்கப் போவதற்கு முப்பது நிமிடம் முன்பு போனை அணைத்துவிடுங்கள்."

"அணைச்சா எஸ்கலேஷன் போட்ருவாங்க."

"அது கடினமாக ஒலிக்கிறது. எஸ்கலேஷனை நினைக்கும்போது உங்கள் உடலில் எங்கே இறுக்கம் தெரிகிறது?"

"கழுத்துல."

"அருமை! கழுத்துக்கு ஒரு பயிற்சி செய்வோமா?"

அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏன் கண்ணு, அந்த ஆமைய உங்க டீம் லீடருக்கு ஒரு கால் போடச் சொல்லேன்" என்றார்.

மனநலத் தொழில்நுட்பம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள். ஆமை டீம் லீடருக்குக் கால் போடாது. போடாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள், அதற்குத்தான் அதை வாங்கியிருக்கிறார்கள். ராத்திரி கால் போடுகிறவர் ஒருவர், தூக்கம் போகிறவர் வேறொருவர், வீட்டுப்பாடம் மட்டும் தூக்கம் போனவருக்கு. மேலே எதுவுமே போகாது என்றும் சொல்ல முடியாது. இந்த மாதம் இத்தனை பேர் சோர்வு, இத்தனை பேர் பதற்றம் என்று பெயர் நீக்கிய கணக்கு ஒன்று வண்ண வண்ண வட்டங்களாக நிர்வாகத்தின் மேஜைக்குப் போகும். வலி கீழேயே இருக்கும், வரைபடம் மேலே போகும்.

இதெல்லாம் ஏதோ சின்னக் கம்பெனியின் சில்லறைத்தனம் என்று நினைப்பவர்கள் இதே மைசூரில் ஹெப்பாள் பக்கம் திரும்பிப் பாருங்கள். இன்போசிஸின் பயிற்சி வளாகம் அங்கேதான் இருக்கிறது, 300 ஏக்கருக்கும் மேல். நீச்சல் குளம், திரையரங்கு, விளையாட்டுத் திடல் என்று ராஜ வாழ்க்கை. ஆமை சொல்லும் சின்னச் செயல்கள் அத்தனையையும் அந்த வளாகத்தைத் தாண்டாமலே செய்து முடிக்கலாம். 2022-இல் வேலைக் கடிதம் வாங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்து, 2024 கடைசியில் அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளில் 300-க்கும் மேற்பட்டோரை 2025 பிப்ரவரி 7 அன்று வெளியே அனுப்பினார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தோம், உள்தேர்வில் தேறவில்லை, இது இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ள நடைமுறை என்றது நிறுவனம். எண்ணிக்கை இன்னும் அதிகம் என்றது நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு. அணி அணியாக அழைத்துக் கடிதம் கொடுத்தார்கள், பவுன்சர்கள் நின்றார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் காலி செய்யச் சொன்னார்கள், இன்றிரவு மட்டும் தங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பெண் கெஞ்சினாள் என்றெல்லாம் செய்தி வந்தது. மிரட்டவில்லை, பவுன்சர் யாரும் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மறுப்பை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்குப் பெட்டியோடு மைசூரு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு எந்தச் சின்னச் செயலைச் சொல்வது? வானத்தைப் பார்க்கச் சொல்லலாம். அங்கே கூரை தடுக்காது.

ஏப்ரலில் இன்னும் சுமார் 240 பேர். இந்த முறை கொஞ்சம் பதமாகச் செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கருணைத்தொகை, வேறு வேலைக்குப் பயிற்சி, பெங்களூர் வரை வண்டி, அங்கிருந்து ஊருக்குப் போகப் பயணப்படி. புறப்படும் வரை விடுதியில் தங்கிக்கொள்ளலாம் என்றும் மெயிலில் இருந்தது. அந்த விடுதியின் பெயர் 'எம்ப்ளாயி கேர் சென்டர்'. கதையில் நான் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் மிகை என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

இரண்டு மாதம் கழித்து, வேலை போகாமல் தங்கியவர்களுக்கு வேறொரு மெயில். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் சராசரியாக ஒன்பதேகால் மணி நேரத்தைத் தாண்டினால் கணினியே கண்டுபிடித்து அனுப்பும் மெயில் அது. 2025 ஜூன் கடைசியில் பத்திரிகைகளில் வந்தது. உங்கள் அர்ப்பணிப்பைப் பாராட்டுகிறோம், ஆனால் உடல்நலம் முக்கியம் என்கிற தோரணை. இடையிடையே ஓய்வெடுங்கள், சுமை கூடினால் மேலாளரிடம் சொல்லுங்கள், சில வேலைகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேற்றுச் சேர்ந்த கடைநிலைப் பொறியாளர் யாருக்குப் பிரித்துக் கொடுப்பார்? வீட்டுப் பூனைக்கா? சுமையை ஏற்றியவரிடமே சுமை என்று போய்ச் சொல்ல வேண்டுமாம். வாரத்துக்கு நாற்பத்தாறேகால் மணியைத் தாண்டியதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிற கணினிக்கு, அந்த வேலையை யார் கொடுத்தார் என்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மெயில் மட்டும் வேலை செய்தவருக்கே போகிறது.

அதே நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் ஒரு நேர்காணலில் சொன்னது ஊரறியும்: இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும், தேசத்துக்காக. நிறுவனர் சொல்வது எழுபது, நிறுவனத்தின் கணினி சொல்வது நாற்பத்தாறேகால். நடுவிலுள்ள இருபத்து மூன்றேமுக்கால் மணி நேரத்தில் தேசம் கட்டுவதா, கழுத்துப் பயிற்சி செய்வதா என்பதை ஊழியரே முடிவு செய்துகொள்ளலாம். எழுபது போதாது என்று 2025 ஜனவரியில் நம்ம ஊர்க்காரர் ஒருவர், எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன், தொண்ணூறுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். கேள்வி வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கப்பட்டிருந்தால் தக்க பதில் கிடைத்திருக்கும்.

இவர்கள் யாரும் ஆராய்ச்சி தெரியாதவர்கள் இல்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லிவிட்டன. 2016 என்ற ஒரே ஆண்டில் நீண்ட வேலை நேரத்தால் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் செத்தார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நம்முடைய பொருளாதார ஆய்வறிக்கையே 2025 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, வாரம் 55, 60 மணிக்கு மேல் உழைப்பது கேடு என்று எடுத்துச் சொன்னது. சரியாக ஒரு வாரத்தில் ஹெப்பாளில் பெட்டி கட்டினார்கள்.

அரசாங்கம் சொல்லும் சின்னச் செயலையும் விட்டுவிடக் கூடாது. புனேயில் பெரிய தணிக்கைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து நாலே மாதத்தில், 2024 ஜூலையில், 26 வயசுப் பெண் செத்துப்போனாள். வேலைச் சுமையே காரணம் என்று அவள் அம்மா கம்பெனித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நாடே பேசியது. அந்தச் செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் சொல்லித்தர வேண்டும், கடவுளை நம்பு, ஆன்ம பலம் வளரும் என்றார். பிறகு விளக்கமும் கொடுத்தார். ஆனால் விளக்கத்தைவிட விஷயம் வெளிச்சம்: வேலை நேரம் நாட்டின் கையில் இல்லையாம், உள்வலிமை மட்டும் அம்மா கையில் இருக்கிறதாம். ஆமைக்கும் அமைச்சருக்கும் ஒரே பாடத்திட்டம்.

வெளிநாட்டுக்காரர்கள் இதில் நமக்கு அண்ணன்கள். 2021-இல் அமேசான் தன் கிடங்குகளில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைக்கப்போவதாக வீடியோ போட்டது. பொருள் எடுக்க ஓடி ஓடிக் களைத்தவர் அதற்குள் தனியாக உட்கார்ந்து மனசாந்தி வீடியோ பார்க்கலாம். உலகம் சிரித்த சிரிப்பில் பதிவை அழித்துவிட்டார்கள். கூண்டைக் கைக்கு அடக்கமாகச் செய்தால் அதற்குப் பெயர் ஆப்.

சின்னச் செயலில் சரக்கே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். அதில் சரக்கு இருக்கிறது. 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வகுத்தார். மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடும். செய்ய முடிந்த சின்ன வேலையை எடுத்துச் செய்யவைத்தால் அந்தச் சுழல் உடையும். நம்ம கோவாவிலேயே விக்ரம் படேலின் சங்கத் அமைப்பு இதைச் செய்து காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேர், எல்லாரும் கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேருக்கு அதோடு சேர்த்து, உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்களின் ஆலோசனை. சுகாதார நிலையத்திலும், வர முடியாதவரிடம் வீட்டுக்கே போயும் பேசினார்கள். மூன்று மாதத்தில் சோர்வு நீங்கியவர்கள், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம், மற்றவர்களில் 39. லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். மனசு கனத்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அதுவும் வேலை செய்தது.

இங்கேதான் கள்ளத்தனம் நடந்திருக்கிறது. வீட்டுப்படி ஏறி வந்த மனுஷியை நீக்கிவிட்டு, அவள் சொன்ன கடைசி வரியை மட்டும் எடுத்து விற்கிறார்கள். கோவாவில் வந்தவர், புருஷன் குடிக்கிறானா, கடன் எவ்வளவு, யார் உதவுவார் என்று கேட்டார். குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்ன செய்யலாம் என்று கூடச் சேர்ந்து யோசித்தார். நாளைக்கு வருகிறேன் என்றால் வந்தார். ஆமையும் நாளைக்கு வரும், சந்தா கட்டியிருந்தால்.

உடனே ஒரு வாதம் கிளம்பும், எனக்குத் தெரியும். இந்தியாவில் லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர்தான் இருக்கிறார், தேசிய மனநல ஆய்வின்படி பெரும்பாலான கோளாறுகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை, ஒன்றும் இல்லாததற்கு ஆப் மேல் இல்லையா? கேட்கிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆப் விற்பவர், இல்லையென்றால் டாக்டருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டியவர். பட்டம் இல்லாத மனுஷரே போதும் என்று கோவாவும் ஜிம்பாப்வேயும் காட்டிவிட்டன. போதாமல் இருப்பது அந்த மனுஷருக்குச் சம்பளம் கொடுக்கும் எண்ணம். ஒரு ஊருக்கு ஒருத்தரை வேலைக்கு வைத்தால் பி.எப். கட்ட வேண்டும், விடுப்பு கொடுக்க வேண்டும், நாளைக்கு அவரும் சங்கம் வைத்துவிட்டால் என்ன செய்வது? ஆமை சங்கம் வைக்காது.

அந்தத் துணையும் நிரந்தரமா? வோபாட் என்று ஒன்று, அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் தொடங்கியது, 2017 முதல் சுமார் 15 லட்சம் பேர் பேசியது. 2025 ஜூன் 30 அன்று கடையை மூடினார்கள். மாக்ஸி என்று குழந்தைகளுக்கான பேசும் பொம்மை, விலை 800 டாலர். உணர்ச்சிகளைச் சொல்லித்தரும் என்று விற்றார்கள். 2024 டிசம்பரில் கம்பெனிக்கு முதலீடு வரவில்லை, பொம்மை இனிப் பேசாது என்று அறிவிப்பு வந்தது. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு வழிகாட்டிக் குறிப்பும் கொடுத்தார்கள்! ஆறு வயதில் நெருங்கிய சிநேகிதனை ஒரு சுற்று நிதி திரட்டலுக்குப் பலி கொடுத்த முதல் தலைமுறை இது. சொன்ன ரகசியங்கள் எங்கே போகும் என்பதற்கும் முன்கதை உண்டு. பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனி, தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக பேஸ்புக்குக்கும் ஸ்னாப்சாட்டுக்கும் கொடுத்தது என்று 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம் பிடித்தது. 78 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது.

சரி, சின்னச் செயல் என்றால் என்ன என்று நான் ஒன்று சொல்கிறேன். நாற்காலி.

தி.நகரிலோ திருச்சியிலோ துணிக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பண்டிகைக் கூட்டத்தில் காலை பத்து மணிக்கு நின்ற பெண் இரவு பத்து மணி வரை நிற்பாள். சேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவாள், வாங்காமல் போனாலும் முகம் சுளிக்கக் கூடாது. கால் வீங்கும், நரம்பு சுருளும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேடையோரம் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் விரல் சொடுக்குவார். கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளும் இருந்தன. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல்காரியான விஜி, 'பெண்கூட்டு' என்று பெண்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறைக்காக, பிறகு உட்காருவதற்காக. வருஷக்கணக்கில் போராடியதில் 2018-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். எல்லாக் கடையிலும் நடக்கிறதா? இல்லை. அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது மேடைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் சத்தமாகக் கேளுங்கள், உங்கள் சின்னச் செயல் அதுவாகட்டும்.

அந்தப் பெண்களுக்கு 2018-இல் ஒரு ஆமை கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பத்து முறை. அருமை!

வேலை நேர விஷயத்திலும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் எழுந்தன, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எழுந்தன, மே தினத்தன்று முதல்வரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். யாரும் மூச்சுப் பயிற்சி செய்து அதைத் திரும்பப் பெறவைக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைகளுக்கு 12 மணி ஷிப்டைச் சட்டமாக்கியது. அதை யாரும் திரும்பப் பெறவில்லை. 2024 ஜூலையில் ஐடி கம்பெனிகளுக்கு 14 மணி நேரம் என்று ஒரு யோசனையும் பெங்களூரில் உலவியது. கேஐடியு என்ற ஐடி ஊழியர் சங்கம் தெருவுக்கு வந்தது.

மனசு தாங்கவில்லை என்றால் இப்போதே 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. பெங்களூர் நிமான்ஸ் அதற்குத் தலைமை மையம். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் கன்னடத்திலும் பேச மனுஷர் இருக்கிறார்கள். அதை யாரும் ஆப்புக்கு மாற்றாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

கடைசியாக ஒரு கணக்கு. தொழிலக வேலைவாய்ப்பு நிலையாணைச் சட்டம் என்று 1946-இல் வந்த ஒன்று உண்டு. வேலை நேரம் என்ன, ஷிப்ட் எப்படி, விடுப்பு எத்தனை, ஒருவரை நீக்க என்ன முறை என்பதை முதலாளி எழுதி, அரசிடம் சான்று வாங்க வேண்டும் என்பதுதான் அது. கர்நாடகத்தில் ஐடி நிறுவனங்களுக்கு அதிலிருந்து 2014-இல் ஐந்து வருஷ விலக்கு கொடுத்தார்கள். 2019-இல் நீட்டித்தார்கள். 2024-இல் மறுபடியும் நீட்டித்தார்கள். தினமும் மனநிலையை எழுது, நன்றிக்குரிய மூன்று விஷயங்களை எழுது என்று இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு உத்தரவு. நிபந்தனைகளை ஒரே ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட, கோடிகளில் லாபம் பார்க்கும் கம்பெனிக்கு விலக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. நிலையாணை இனி 300 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். அதிலும் விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை அரசின் கையிலேயே விட்டிருக்கிறார்கள். ஹெப்பாளில் 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஐயா. பெங்களூர் விதான சௌதாவில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த முறை விலக்கில் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும்.